ஐப்பசி முதல் தை வரை: குப்பைமேடு ஆறிப்போனால் என்ன செய்வது?

மார்கழி விடியலில் கொல்லைக்குப் போய், எருவுக்காகப் போட்டிருக்கும் குப்பைமேட்டின் மேல் கிடக்கும் கீற்றை விலக்கினால், இட்லிப் பானையைத் திறந்ததுபோல ஆவி கிளம்ப வேண்டும். கிளம்பினால் நீங்கள் இதைப் படிக்க வேண்டியதில்லை, போய்க் காபி குடிக்கலாம். ஆவிக்குப் பதில் கொசுவும் நாற்றமும் கிளம்பினால் மேற்கொண்டு படியுங்கள்.

குளிர்காலத்தில் கம்போஸ்ட் போடுவது பற்றித் தேடினால் கிடைக்கும் யோசனைகள் பெரும்பாலும் பனி உறையும் ஊர்களுக்கானவை. மேட்டைச் சுற்றி வைக்கோல் கட்டு அடுக்கச் சொல்வார்கள், கறுப்புப் பிளாஸ்டிக்கால் போர்த்தச் சொல்வார்கள். அங்கே அது சரி. 10 டிகிரிக்குக் கீழே போனால் மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் சோம்பிவிடும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் மார்கழி, தை விடியலில்கூட 20 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். நமக்குப் போர்வை வேண்டியிருக்கிறது, நுண்ணுயிருக்கு வேண்டியதில்லை. நம்மூர் மேட்டை ஆறவைப்பது மழைத்தண்ணீர். வருஷத்து மழையில் பாதிக்குமேல் வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. கீழே களிமண், பக்கத்தில் தண்ணீர் கட்டிய சம்பா வயல். அதனால் இனி வரும் கோளாறுகளில் பல ஏதோ ஒரு வகையில் ஈரத்தில்தான் போய் முடியும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இரண்டு சோதனை. நடுமேட்டில் கடப்பாரையைக் குத்திப் பத்து நிமிஷம் விட்டு உருவுங்கள். நுனியைப் பிடிக்க முடியாமல் கையை உதறினால் 55, 60 டிகிரி இருக்கிறது, மேடு வேலை செய்கிறது. வெதுவெதுப்பாக இருந்தால் பாதி வேலை. கடப்பாரை தன் சில்லிப்போடு திரும்பி வந்தால் வேலை நின்றுவிட்டது. அப்புறம், ஒரு முழ ஆழத்திலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு எட்டிப் பார்த்தால் ஈரம் சரி. தாரையாக ஒழுகினால் மிகை. கையை விரித்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் வறட்சி. இந்த இரண்டு பதிலும் கையில் இல்லாமல் எதையும் கொட்டாதீர்கள், எதையும் புரட்டாதீர்கள்.

சூடு இல்லை, பிழிந்தால் தண்ணீர் ஒழுகுகிறது

கார்த்திகையில் பத்து மேட்டைத் திறந்தால் ஆறேழு இப்படித்தான் இருக்கும். குப்பைக்குள் காற்று இருக்க வேண்டிய சந்துகளில் தண்ணீர் புகுந்துகொண்டது. காற்றில்லாமல் சூடு பிறக்காது. பிறந்த கொஞ்ச சூட்டையும் அவ்வளவு தண்ணீரைச் சூடாக்கவே செலவழித்துவிடும்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். மேலிருந்து என்றுதான் எல்லோரும் நினைப்போம். நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் கொல்லை வெண்ணாற்றுக்குத் தெற்கே, மண் சப்பென்று ஒட்டும் களி. முதல் வருஷம் மூன்றடிக் குழி வெட்டி, மேலே கூரை போட்டு, பெருமையாக இருந்தேன். ஐப்பசி பாதியில் கூரை நனைந்தது, குப்பை நனையவில்லை என்று நம்பிக்கொண்டு மண்வெட்டியை இறக்கினால், அடியில் ஒன்றரை அடிக்குத் தண்ணீர். கூரையில் ஓர் ஓட்டை இல்லை. சுற்றிலும் நடவு வயல், தண்ணீர் பக்கவாட்டில் ஊறி வந்திருக்கிறது. மேட்டூர் ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது கணக்கு. ஒழுங்காகத் தண்ணீர் வந்த வருஷத்தில் அதுவரை நம் காலடி மண்ணும் ஊறியேதான் கிடக்கும். பக்கத்து வீட்டுப் பெரியப்பா வந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “குழியில போட்டா அது ஊறுகாய்தான் தம்பி. மழைக்காலத்துல மேட்டுல போடு, கோடையில குழியில போடு.”

பிறகுதான் தெரிந்தது, ஆங்கிலேய வேளாண் விஞ்ஞானி ஆல்பர்ட் ஹோவர்ட் 1920-களில் இந்தூரில் வகுத்த கம்போஸ்ட் முறையிலும் இதே ஏற்பாடுதான்: வறண்ட மாதங்களில் குழி, மழை மாதங்களில் தரைக்கு மேலே குவியல். பெரியப்பா இந்தூருக்குப் போனவரில்லை.

குழியில் இருப்பதை வெளியே எடுத்துவிடுங்கள். மழை இரண்டு நாள் விட்டு வெயில் முகம் காட்டும்போது இந்த வேலை. எடுத்ததைக் குவிக்காமல் திண்ணை உயரத்துக்குப் பரப்பி, ஒரு பகல் காற்றாட விட்டால் நாற்றமும் பாதி போய்விடும். மேடு கட்டும் இடம் சுற்றுத் தரையைவிட ஒரு சாண் உயர்ந்திருக்கட்டும். உயரமில்லை என்றால் உடைந்த செங்கல், கருவேலங்கட்டை எதையாவது பரப்பி உயர்த்துங்கள். அதன்மேல் தென்னை மட்டையைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு வரிசை. அடியில் காற்று ஓடவும் தண்ணீர் வடியவும் இதைவிட மலிவான வழி டெல்டாவில் கிடையாது. மேட்டைச் சுற்றி முக்கால் அடியில் ஒரு வாய்க்கால் கீறி, தாழ்வான பக்கம் வெட்டி விடுங்கள்.

திரும்ப அடுக்கும்போது ஈரக் குப்பை ஒரு கூடைக்குக் காய்ந்தது இரண்டு கூடை. காய்ந்தது எங்கே கிடைக்கும் என்பதுதான் ஐப்பசியின் உண்மையான பிரச்சினை. சம்பா வைக்கோல் தையில்தான் வரும். போன வருஷத்து வைக்கோலை மாட்டுக்காரர் யாரும் குப்பைக்குத் தரமாட்டார், தரவும் கூடாது. நான் பார்த்துவைப்பது குறுவை வைக்கோல். புரட்டாசி அறுவடையில் பெரும்பாலும் நனைந்து கறுத்துப்போகும், மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும், சும்மாவே கொடுத்துவிடுவார்கள். அதை வாங்கி நல்ல வெயிலில் ஒருமுறை உலர்த்திக் கூரைக்கடியில் போட்டுவைத்தால் தை வரைக்கும் கவலையில்லை. அதுவும் தவறவிட்டவர்களுக்கு வாழைச் சருகு, பன்னாடை, காய்ந்த கீற்றின் ஓலை, மாஞ்சருகு, கிழித்த பழைய செய்தித்தாள், முட்டை அட்டை. நெல் உமியைக் கொஞ்சம் கலக்கலாம், அதை மட்டுமே நம்பக்கூடாது. காரணம் பின்னால் வருகிறது.

உச்சியைத் தட்டையாக விடாதீர்கள். வைக்கோல்போரின் தலையைப் பாருங்கள். எவ்வளவு மழை பெய்தாலும் போருக்குள்ளே ஒரு சாணுக்குக் கீழே காய்ந்தே இருக்கும். தாளெல்லாம் வெளிப்பக்கம் சரிந்து படிந்திருப்பதால் தண்ணீர் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடுகிறது. குப்பைமேட்டின் தலையிலும் அதேபோல வைக்கோலைச் சரித்துப் படிய வையுங்கள். அதற்கு மேலே பந்தக்கால் நட்டுக் கீற்றுக் கூரை. பருவமழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும் என்பதால் கூரையின் தாழ்ந்த பக்கம் வடகிழக்கைப் பார்க்கட்டும். வடக்கிலோ கிழக்கிலோ சுவர் இருந்தால் அதை ஒட்டியே மேட்டைப் போட்டால் பாதிச் சாரல் மிச்சம்.

தார்ப்பாய் போடலாமா? போடலாம், புயல் எச்சரிக்கை உள்ள இரண்டு மூன்று நாளைக்கு. அதையே நிரந்தரமாகச் சுற்றிக் கட்டினால் உள்ளே ஆவி முட்டி, வியர்த்து, திரும்பக் குப்பையிலேயே சொட்டும். கட்டுவதானால் பக்கங்களைத் திறந்துவிட்டு, உச்சிக்கும் பாய்க்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கும்படி கம்பு கொடுத்துக் கட்டுங்கள்.

சூடு இல்லை, ஈரம் சரியாகத்தான் இருக்கிறது

அளவைப் பாருங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் மூன்றடிக்குக் குறைந்தால் பிறக்கும் சூடு பக்கங்கள் வழியாகவே வெளியேறிவிடும். மழை மாதங்களில் நான் நான்கடிக்குக் குறைவாகப் போடுவதில்லை. இரண்டு சின்ன மேடு வைத்திருப்பவர்கள் இரண்டையும் ஒன்றாக்கினாலே பெரும்பாலும் மூன்றாம் நாள் கடப்பாரை சுடும்.

அளவு சரி என்றால் சத்துப் பற்றாக்குறை. வெறும் சருகையும் வைக்கோலையும் மலைபோலக் குவித்திருப்பீர்கள். கரியும் (கார்பன்) தழைச்சத்தும் (நைட்ரஜன்) 25-க்கு 1, 30-க்கு 1 என்ற கணக்கில் இருந்தால்தான் மேடு சுறுசுறுப்பாகும். வைக்கோலில் அது 70, 80-க்கு 1. பசுஞ்சாணியில் 20, 25-க்கு 1. சமையலறைக் கழிவில் இன்னும் குறைவு. கணக்கெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு, நான்கடி மேட்டுக்கு ஐந்தாறு கூடைச் சாணி, அதைக் கோமியத்தில் கரைத்து, புரட்டும்போது காய்ந்த அடுக்குகளின் மேல் மட்டும் தெளியுங்கள். சாணி கிடைக்காத ஊர்க்காரர்கள் கிலோ கடலைப் புண்ணாக்கை இரவெல்லாம் ஊறவைத்துக் கரைத்து ஊற்றலாம். பசுந்தழை வேண்டுமென்றால் அகத்தி, புங்கன், கிளைரிசிடியா எதுவும் ஆகும்.

மார்கழியில் வாசலில் பரங்கிப்பூ செருகி வைக்கும் சாணி உருண்டைகளை எங்கள் தெருவில் வறட்டியாகத் தட்டிவிடுவார்கள். அதில் பங்கு கேட்டு நான் திட்டு வாங்கியிருக்கிறேன். கேட்காதீர்கள்.

வாய்க்காலில் மண்டிக் கிடக்கும் ஆகாயத்தாமரையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இலவசம், தழைச்சத்தும் உண்டு, எல்லாம் சரி. ஆனால் அதில் 90 சதவீதத்துக்குமேல் தண்ணீர். ஒரு மாட்டுவண்டி அள்ளிவந்து அப்படியே அடுக்கினால் நீங்கள் மேட்டில் கொட்டியது ஒரு வண்டித் தண்ணீர். மூன்று நாள் வதங்க விட்டுப் பாதியாகச் சுருங்கிய பிறகு சேருங்கள்.

அழுகிய முட்டை நாற்றம்

சாக்கடை வாடையோ அழுகிய முட்டை வாடையோ வந்தால் உள்ளே காற்றில்லாத ஒரு பொட்டலம் இருக்கிறது. மொத்த மேட்டையும் குற்றம் சொல்ல வேண்டாம், அந்தப் பொட்டலத்தைத் தேடுங்கள்.

எங்கள் வீட்டு வளைகாப்பு முடிந்து நூற்றைம்பது சாப்பாட்டு இலையை அப்படியே அள்ளி மேட்டில் போட்டார்கள். ஒரு மாசம் கழித்து நாற்றம் தாங்காமல் வெட்டிப் பார்த்தேன். இலைமேல் இலை ஒட்டி, பாயைச் சுருட்டி வைத்தாற்போல ஒரு கட்டு. ஓர் இலையைப் பிரித்தால் நடுநரம்பு இன்னும் பச்சையாக இருக்கிறது, அதன்மேல் வைத்த அப்பளத்தின் எண்ணெய்கூட வட்டமாகத் தெரிகிறது. கீழே நீலக்கறுப்பாக ஒரு கூழ். வாழை இலையில் தண்ணீர் ஒட்டாது என்பது விருந்துக்கு வசதி, குப்பைக்கு வினை. ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் அது பிளாஸ்டிக் விரிப்புதான். இப்போதெல்லாம் மிச்சச் சாதத்தை வழித்துவிட்டு, இலையைக் கையால் நாலாகக் கிழித்து, சருகோடு பிசறித்தான் போடுகிறேன்.

வாழைமரத்தை வெட்டிச் சேர்ப்பவர்களுக்கும் இதே கதை. பட்டையைப் பட்டையாகப் படுக்கப் போடாமல் கையளவு துண்டாக நறுக்குங்கள். பொங்கல் முடிந்து சேரும் கரும்புச் சோகை, சக்கை, மஞ்சள்கொத்து, தோரண மாவிலை எல்லாம் காய்ந்த வகையில் சேரும், இந்த நாற்றத்துக்கு நல்ல மருந்தும்கூட. சோறு, வடித்த கஞ்சி, மீன் கழுவிய தண்ணீர் மூன்றும் மழை மாதங்களில் மேட்டுக்கு வேண்டாம்.

பொட்டலம் அகப்பட்டதும் பிரித்து உதறி, காய்ந்ததைக் கலந்து, திரும்ப மூடுங்கள். இரண்டாம் நாளே நாற்றம் அடங்கும். அடங்கவில்லை என்றால் இன்னொரு பொட்டலம் இருக்கிறது.

மூக்கைத் துளைத்துக் கண் எரியும் வாடை

இது வேறு, அமோனியா. தழைச்சத்து அதிகமாகிக் காற்றில் பறக்கிறது. கோழி எச்சமோ பச்சைச் சாணியோ தாராளமாகப் போட்டிருப்பீர்கள். அடுப்புச் சாம்பலைக் கொட்டியிருந்தால் அதுவும் காரணம். சாம்பல் காரம், அமோனியாவைக் கிளப்பிவிடும். போகி கொளுத்திய சாம்பலைப் போடவே போடாதீர்கள், அதில் பழைய பிளாஸ்டிக்கும் பெயின்ட் அடித்த கட்டையும் எரிந்திருக்கும். சருகோ தென்னை நார்க்கழிவோ மேட்டின் எடையில் கால் பங்கு சேர்த்துப் புரட்டினால் போதும்.

மேட்டடியில் காபி நிறத்தில் தண்ணீர் ஓடுகிறது

அந்தத் தண்ணீரில் போவது உங்கள் உரம். சாம்பல் சத்து தண்ணீரில் சுலபமாகக் கரையும், தழைச்சத்தும் கூடவே போகும். தையில் எடுக்கும் எரு கறுப்பாக, உதிரியாக, அழகாக இருந்தும் செடியில் வேலை காட்டவில்லை என்று சொல்பவர்களின் எரு பெரும்பாலும் கார்த்திகையிலேயே வாய்க்காலில் போனது. கூரையைச் சரிசெய்யும்வரை, சுற்று வாய்க்காலின் கடைவாயில் ஒரு பழைய வாளியைப் புதைத்து அதைப் பிடியுங்கள். பத்துப் பங்கு தண்ணீர் கலந்து வாழைக்கும் தென்னைக்கும் ஊற்றலாம். பச்சையாகத் தின்னும் எதற்கும், கீரைக்கும் வேண்டாம்.

உள்ளே வெள்ளையாகச் சாம்பல் பூத்திருக்கிறது

தோண்டும்போது வெள்ளைத் தூள் தெரிந்து, புதுமழையில் கிளம்பும் மண்வாசனை வந்தால் நல்ல சேதி. சூடான மேட்டில் வளரும் ஒருவகை நுண்ணுயிர் அது, விட்டுவிடுங்கள். தூளோடு குப்பையும் மொறமொறவென்று காய்ந்திருந்தால்தான் கோளாறு. மழை ஓய்ந்த தைமாசத்தில், அதுவரை நன்றாகச் சூடாக இருந்த மேட்டுக்கு இது வரும். தன் சூட்டிலேயே நடுப்பகுதி உலர்ந்துவிடும், வெளியே பனியில் நனைந்து ஈரமாகவே தெரியும். மேலே தெளிக்கும் தண்ணீர் நடுவுக்கு இறங்காது. கடப்பாரையால் ஏழெட்டு இடத்தில் ஆழமாகக் குத்தி அந்தத் துளைகளில் ஊற்றுங்கள். மாட்டுக்கொட்டில் கழுவிய தண்ணீர் இருந்தால் அதைவிட உத்தமம் வேறில்லை.

கட்டைவிரல் தடிமனில் வெள்ளைப் புழு

தென்னை வைத்திருப்பவர்கள் இதை அலட்சியம் செய்யக்கூடாது. மழை விட்டு மேட்டைப் புரட்டும்போது, வளைந்து சுருண்டு, பழுப்புத் தலையும் கொழுத்த வெள்ளை உடம்பும், பின்பக்கம் உள்ளிருக்கும் எரு சாம்பல் நிறமாகத் தெரிய, கையில் எடுத்தால் கனமாக ஒன்று கிடைக்கும். காண்டாமிருக வண்டின் புழுவாக இருக்கலாம். புழு தென்னையை ஒன்றும் செய்யாது, மட்கும் குப்பையைத் தின்று வளரும். வளர்ந்து வண்டாகிப் பறந்துபோய்க் குருத்தைத் துளைக்கும்போதுதான் வினை. குருத்து விரிந்தபின் ஓலையில் கத்தரிக்கோலால் வெட்டியதுபோல விசிறியாக வெட்டு தெரிந்தால், வண்டு எங்கிருந்து வந்தது என்று உங்கள் எருக்குழியைக் கேளுங்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது கீழே விழுந்த தென்னைகளை நம் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. விழுந்த மரத்தை அறுத்து அகற்றாமல் விட்டால், மட்கும் தண்டும் இந்த வண்டுக்குத் தொட்டில்தான். தென்னந்தோப்பு ஓரம் குப்பைமேடு வைத்திருப்பவர்கள் அதனால் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

வெள்ளைப் புழு எல்லாமே இது இல்லை. சந்தேகமாக இருந்தால் ஒன்றை எடுத்துச் சமதரையில் விடுங்கள். மல்லாந்து முதுகாலேயே ஊர்ந்து போனால் அது பூவண்டின் புழு, குப்பைக்கு நண்பன், திரும்பப் போடுங்கள். ஒருக்களித்துச் சுருண்டே கிடந்தால் எதிரி. கோழி இருந்தால் அந்தப் பக்கம் விட்டுவிடுங்கள், பத்து நிமிஷத்தில் தீர்ந்துவிடும். முட்டையிலிருந்து வண்டாக நாலைந்து மாசமாவது ஆகும் என்பதால், இரண்டு மாசத்துக்கு ஒருமுறை அடிவரை புரட்டிப் பொறுக்கினாலே வண்டாகும் வாய்ப்பு ரொம்பக் குறைந்துவிடும். நிறைய இருந்தால் மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சணத்தை வாங்கித் தண்ணீரில் கலந்து மேட்டில் விடலாம். அதற்கு ஈரம் பிடிக்கும், அதனால் மழை மாதம் தோதான காலம். பறக்கும் வண்டுக்கு, கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை ஐந்து லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து மண்பானையில் தோப்புக்குள் வையுங்கள், தானாக வந்து விழும்.

கோதுமை மணியைவிடக் கொஞ்சம் பெரிதாக, தட்டையாக, பழுப்பாகக் கூட்டங்கூட்டமாக நெளிபவை ஒருவகை ஈயின் புழுக்கள். பார்க்க அருவருப்பு, தொந்தரவு கிடையாது. சமையலறைக் கழிவு ஈரமாக, திறந்தபடி கிடக்கிறது என்பதற்கு அடையாளம். மேலே நாலு விரல் உயரம் சருகு போட்டு மூடினால் போய்விடும்.

மண்புழு தொட்டியை விட்டு வெளியே வந்து கிடக்கிறது

அடித்த மழையில் தொட்டிக்குள் தண்ணீர் நிற்கிறது. வடிதுளை அடைத்திருக்கும், குச்சியால் குத்தி விடுங்கள். வெளியே வந்தவற்றைப் பொறுக்கி ஈரச் சாக்கில் போட்டுவைத்து, தொட்டி வடிந்தபின் திரும்ப விடலாம். சூடாக வேகும் மேட்டில் மட்டும் அவற்றை விட்டுவிடாதீர்கள்.

வளை தெரிகிறது, சரசரவென்று சத்தம் கேட்கிறது

அடைமழையில் ஊரெல்லாம் ஈரம், உங்கள் மேடு ஒன்றுதான் கதகதப்பு. எலிக்கும் பெருச்சாளிக்கும் அங்கே குடித்தனம் வைக்க ஆசை வருவதில் தப்பில்லை. எலி வந்தால் பின்னாலேயே பாம்பு வரும். நம் வயற்காட்டில் நல்லபாம்பும் கண்ணாடிவிரியனும் உண்டு. அதனால் மழை மாதத்தில் மேட்டுக்குள் வெறுங்கையை விடாதீர்கள், முதலில் சொன்ன கைப்பிடிச் சோதனைக்கும் மண்வெட்டியால் வெளியே இழுத்துப் போட்ட பிறகே கையில் எடுங்கள். கீற்றை விலக்குமுன் நீளக் கம்பால் நாலு தட்டு தட்டிவிட்டு இரண்டு நிமிஷம் தள்ளி நில்லுங்கள். விடியலிலும் அந்திக்கு மேலும் போவதானால் டார்ச், காலில் பூட்ஸ். கடித்துவிட்டால் வாயால் உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது, பச்சிலை எதுவும் வேண்டாம். அடித்த பாம்பைத் தேடி எடுத்துக்கொண்டு போகவும் வேண்டாம். காலை அசைக்காமல் நேராக அரசு மருத்துவமனை.

எலியைக் குறைக்க, சோற்றுக் கழிவை நிறுத்துங்கள், வாரம் ஒருமுறை மேட்டைக் கலைத்துவிடுங்கள். நிம்மதியில்லாத வீட்டில் எலி தங்காது. மருந்து வைத்தால் செத்த எலி மேட்டுக்குள்ளேயே கிடந்து நாறும், ஆந்தையும் தின்று சாகும். நான் வைப்பதில்லை.

காளான் முளைத்திருக்கிறது

முளைக்கட்டும். மட்குவதில் அதற்கும் பங்கு உண்டு. குழம்பு வைக்காதீர்கள்.

மற்றதெல்லாம் மட்கிவிட்டது, உமியும் நாரும் அப்படியே

உமியில் மணல் போன்ற சிலிக்கா நிறைய, அதை நுண்ணுயிர் சீக்கிரம் தொடாது. தென்னை நார்க்கழிவில் ஒரு பங்கு தழைச்சத்துக்குக் கரி 100-க்கு மேல், சீக்கிரம் மட்காத லிக்னின் என்ற மரச்சத்து வேறு. ஒரு பருவத்தில் இரண்டும் கரையாது, உங்கள் தப்பில்லை. சலித்து எடுத்து அடுத்த மேட்டின் அடியில் போடுங்கள். நார்க்கழிவு வண்டிக்கணக்கில் இருந்தால் மேட்டில் கலக்காமல் தனியாகவே கையாள வேண்டும். சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் மாறிமாறித் தூவி அடுக்கும் முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லித் தருகிறது.

எரு போட்ட பிறகு செடி மஞ்சளாகிறது

தைப் பட்டத்துக்குக் கத்தரி, வெண்டை போடும் அவசரத்தில் பழுக்காத எருவை எடுத்திருக்கிறீர்கள். மட்கும் வேலை பாத்தியில் தொடர்கிறது, அதற்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே இழுத்துக்கொள்கிறது. போட்டது போட்டதுதான். சாணிக்கரைசலோ ஊறவைத்த புண்ணாக்கோ நீர்க்க விட்டு, பாத்தி மேலே மட்டும் மூடாக்காக எருவை ஒதுக்கிவிட்டால் பத்துப் பதினைந்து நாளில் செடி தேறும்.

அடுத்தமுறை எடுக்குமுன் சோதித்துக்கொள்ளுங்கள். மேடு மழையில் ஆறிப்போனதா, வேலை முடிந்து ஆறியதா என்று கடப்பாரைக்குத் தெரியாது, இரண்டுக்கும் சில்லென்றுதான் வரும். மேட்டின் மூன்று இடத்திலிருந்து அள்ளிக் கலந்து, பிழிந்தால் லேசாகச் சேரும் அளவு ஈரமாக்கி, பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி மூன்று நாள் நிழலில் வையுங்கள். திறந்தவுடன் புளித்த வாடையோ நாற்றமோ அடித்தால் இன்னும் பழுக்கவில்லை. மண்வாசனை வந்தால் அடுத்த சோதனை. சம்பா அறுப்புக்கு முன்னால் வயலில் தெளிக்க எல்லார் வீட்டிலும் உளுந்து இருக்கும். அதில் இருபது மணி எடுத்து ஒரு கொட்டாங்கச்சியில் எருவும் மண்ணும் பாதிப் பாதி கலந்து ஊன்றுங்கள், இன்னொன்றில் வெறும் மண்ணில் இருபது. நாலைந்து நாளில் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு முளைத்து, இலை பச்சையாக விரிந்தால் எருவை எடுக்கலாம். எருக் கொட்டாங்கச்சியில் பாதிகூட முளைக்கவில்லை என்றால் மேட்டைக் கலைத்துக் கட்டி, கீற்றைப் போட்டு மூடிவிட்டு, மாசி பிறந்ததும் மறுபடி இருபது மணி ஊன்றிப் பாருங்கள்.